பசங்களை அவங்க சொந்த யோசனையைப் பத்திப் பேச வச்சவங்க இருக்கீங்களா? உங்க அனுபவத்தைப் போடுங்க

நான் வார இறுதியில எட்டாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் படிக்கிற பிள்ளைங்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்துட்டு வர்றேன். இதுல எனக்கு உறுதியாத் தெரிஞ்ச விஷயம், "நேரத்தின் அருமை" மாதிரி ஒரு தலைப்பை நாமளே கையில கொடுத்தோம்னா மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிப்பாங்க, நடுவுல ஒரு வரி மறந்துச்சுன்னா அவ்ளோதான், மொத்தமும் போச்சு, முகம் செத்துடும், அடுத்த வாரம் ஆளே வராது. அதே பிள்ளைகிட்ட "உன்கிட்ட விட்டா எதை மாத்துவ"ன்னு கேட்டுப் பாருங்க. அங்க மறந்துபோறதுக்கு வரியே கிடையாது, எல்லாம் அவங்க மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்குறதுதான்.

ஒன்பதாவது படிக்கிற பொண்ணு ஒருத்தி, பேசினா முதல் வரிசைக்கே கேக்காது. அவ தம்பிக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரிச்சுப் பாக்க வராது. பாடப்புத்தகத்துல படமெல்லாம் வெறும் கலரை வச்சே பிரிச்சிருக்காங்க, கூடவே கோடு, புள்ளி, கட்டம்னு போட்டா அவனுக்கும் புரியுமேங்குறதுதான் அவ யோசனை. ஒரே பை சார்ட்டை ரெண்டு விதமா வரைஞ்சு எடுத்துட்டு வந்திருந்தா. ஆனா தலை நிமிராம பேப்பரையே பாத்துப் படிச்சா, பேப்பர் நடுங்குற சத்தம்தான் பெருசாக் கேட்டுச்சு. முடிச்சதும் ஒரு பையன் "அப்போ உன் தம்பிக்கு எல்லாமே கறுப்பு வெள்ளையாத்தான் தெரியுமா"ன்னு கேட்டான் பாருங்க, சட்டுனு பேப்பரைக் கீழ வச்சுட்டா. "இல்லல்ல, அப்படி இருக்குறவங்க ரொம்ப ரொம்பக் கம்மி, இவனுக்கு நீலமும் மஞ்சளும் நல்லாத் தெரியும், சிவப்பும் பச்சையும் பக்கத்துல பக்கத்துல இருந்தாதான் குழம்பிடும்"னு ஆரம்பிச்சவ போர்டுல வேற வரைஞ்சு காட்டினா, கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்கள்ல கிட்டத்தட்ட 12 பேர்ல ஒருத்தருக்கு இது இருக்குன்னு தேடிப் படிச்சு வச்சிருக்கா, அது அந்தப் பேப்பர்லயே இல்ல.

இப்ப எங்க வகுப்புல கைதட்டினா மட்டும் போதாது, கேக்குறவங்க "நீ சொன்னதுல"ன்னு ஆரம்பிச்சு ஒரு கேள்வியாவது கேக்கணும். கைதட்டல் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் விழுது, அது பிள்ளைங்களுக்கே தெரியும். கேள்வி வந்தாதான் நாம சொன்னதை ஒருத்தர் நிஜமாவே காதுல வாங்கியிருக்கார்னு நம்புறாங்க.

*

நீங்க சொன்ன கேள்வி விஷயம் நூத்துக்கு நூறு சரிங்க. நான் டோஸ்ட்மாஸ்டர்ஸ்ல இருக்கேன், மேடைப் பேச்சு பழகுறதுக்கான கிளப் அமைப்பு அது. அதோட ஆரம்பமே இளைஞர்கள்தான், ரால்ஃப் ஸ்மெட்லி 1905ல இல்லினாய்ல ஒய்எம்சிஏல வேலை பாத்தப்போ அங்க வர்ற பசங்களுக்கு நாலு பேர் முன்னாடி பேச வரலையேன்னு கூட்டம் போட ஆரம்பிச்சார், இப்ப இருக்குற அமைப்பு 1924ல கலிஃபோர்னியாவுல சாண்டா அனாவுல தொடங்கினது. 18 வயசு ஆகாதவங்க இதுல உறுப்பினராக முடியாது, அவங்களுக்குக் கேவல் கிளப்னு தனியா இருக்கு.

அப்படி ஒரு பசங்க கூட்டத்துக்கு உதவிக்குப் போவேன். அங்க ஒரு பையனுக்குத் திக்கும், முதல் எழுத்துலயே மாட்டிக்குவான், உடனே பக்கத்துல இருக்குறவங்க அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்துடுவாங்க, நல்லெண்ணத்துலதான், ஆனா அவன் பேச நினைச்சதே வேறயா இருக்கும். அதனால எல்லார்கிட்டயும் சொல்லிட்டோம், வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீங்க, "மெதுவா, ரிலாக்ஸா பேசு"ன்னும் சொல்லாதீங்க, அவன் முகத்தைப் பாத்துக் காத்திருங்க, அவ்ளோதான். பச்சை, மஞ்சள், சிவப்புன்னு எரியுற டைமர் லைட்டையும் அவன் முறை வந்தா அணைச்சு வச்சோம். அவன் எடுத்துக்கிட்ட விஷயம், வாய்மொழித் தேர்வுல திக்குறவங்களுக்குக் கூடுதல் நேரம் வேணும்ங்குறது. இதைப் பேச அவனைவிடப் பொருத்தமான ஆள் யாரு சொல்லுங்க? திக்கிக்கிட்டேதான் பேசினான், இப்பவும் திக்குது, ஆனா திடீர்னு தலைப்பு கொடுத்து ஒண்ணு ரெண்டு நிமிஷம் பேசச் சொல்ற டேபிள் டாபிக்ஸ்ல முதல்ல கை தூக்குறது அவன்தான். எனக்கு அதுல அவ்ளோ சந்தோஷம்.

*

பயம் பத்தி ஒண்ணு சொல்றேன். பசங்க நிறைய பேர் தங்களோட நடுக்கம் எல்லாருக்கும் அப்பட்டமாத் தெரியுதுன்னு நினைச்சுக்குறாங்க. 2003ல சாவிட்ஸ்கி, கிலோவிச்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைப் பத்தி ஆய்வு வெளியிட்டாங்க, உங்க பதட்டம் நீங்க நினைக்கிற அளவுக்கு வெளிய தெரியாதுன்னு முன்னாடியே யார்கிட்ட எடுத்துச் சொன்னாங்களோ அவங்க நல்லாப் பேசியிருக்காங்க. நான் இதைப் போன்ல வீடியோ எடுத்தே காட்டிடுவேன். கை அப்படி நடுங்குச்சுன்னு அழுத பையன் வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்துட்டு "எங்கண்ணா, தெரியவே இல்லையே"ன்னான். அவன் சம்மதம் இல்லாம வீடியோவை யாருக்கும் அனுப்பக் கூடாது, பெத்தவங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

*

எல்லாம் சரிங்க, "எனக்கு யோசனையே இல்ல"ன்னு சொல்ற பிள்ளைங்களை என்ன பண்றது? என் பொண்ணு அந்த ரகம்தான்.

*

முதல்ல எழுதினது நான்தான். யோசனைன்னு கேக்காதீங்க, அந்த வார்த்தையே பெருசாத் தெரியுது அவங்களுக்கு. "இந்த வாரம் உனக்கு எது எரிச்சலா இருந்துச்சு"ன்னு கேளுங்க, அது கட்டாயம் இருக்கும். சொன்னதும் தீர்வு சொல்லப் போயிடாதீங்க, "யாருக்கெல்லாம் அது எரிச்சலா இருக்கும், நீயா இருந்தா என்ன பண்ணுவ"ன்னு மட்டும் கேட்டுட்டு விட்டுடுங்க. முதல்ல உங்க ஒருத்தர்கிட்ட உக்காந்தபடியே சொல்லட்டும், அப்புறம் ரெண்டு ஃபிரெண்ட்ஸ்கிட்ட, மேடையெல்லாம் அவளாக் கேக்கும்போது பாத்துக்கலாம். பேச்சை நீங்க எழுதிக் கொடுக்காதீங்க, தயவுசெஞ்சு.