1-பியூட்டனாலில் வேர் குட்டையானால் பாஸ்போலிப்பேஸ் டி பற்றி என்ன சொல்லலாம்?

நாற்றுமேடை:
வணக்கம், எம்.எஸ்ஸி. தாவரவியல் ப்ராஜெக்ட் பண்ணுகிறேன். பாஸ்போலிப்பேஸ் டி என்றால் செல்சவ்வுக் கொழுப்பை வெட்டுகிற நொதி என்றுதான் படித்திருக்கிறேன். அராபிடாப்சிஸ் (ஆய்வுகளில் வளர்க்கும் சிறு கடுகினச் செடி) விதையை 1-பியூட்டனால் கலந்த ஊடகத்தில் போட்டால் வேர் நீளவே மாட்டேன் என்கிறது. நொதியைத் தடுத்ததால் வளர்ச்சி குன்றியது என்று எழுதிவிடலாமா? சவ்வைச் சிதைக்கிற ஆள் இல்லையென்றால் செடி நன்றாகத்தானே வளரணும்?

சவ்வூடு:
"தடுத்தது" என்று எழுதாதீர்கள், வைவாவில் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள். நொதி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வழக்கமாக நீரைச் சேர்த்து பாஸ்பாட்டிடைல்கோலின் என்ற சவ்வுக் கொழுப்பை வெட்டும். கோலின் கழன்று பாஸ்பாட்டிடிக் அமிலம் மிஞ்சும். 1-பியூட்டனால் இருந்தால் நீருக்குப் பதில் அதைப் பிடித்துக்கொண்டு பாஸ்பாட்டிடைல்பியூட்டனால் செய்கிறது, அது சமிக்ஞைக்கு உதவாது.

ஆக உங்கள் தட்டில் குறைவது பாஸ்பாட்டிடிக் அமிலம். அதுதான் விஷயமே. வறட்சியில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் ஏறும்போது பாஸ்போலிப்பேஸ் டியின் ஆல்ஃபா1 வகை இதை உண்டாக்க, அந்த ஹார்மோனின் சமிக்ஞையைத் தடுக்கிற ஏபிஐ1 என்ற பாஸ்பட்டேஸ் நொதியை இது சவ்வோடு பிடித்து வைக்கிறது, அந்தத் தடை விலகியதும் இலைத்துளை மூடுகிறது. ஆல்ஃபா1 இல்லாத செடி தண்ணீரைச் சீக்கிரம் இழக்கும். சிதைவு என்ற சொல்லை வைத்து இதைக் கெட்ட நொதி என்று நினைக்க வேண்டாம்.

அப்புறம், மூன்றாம்நிலை பியூட்டனாலை அதே செறிவில் வைத்து ஒரு கட்டுப்பாட்டுத் தட்டு போட்டீர்களா? நொதி அதை எடுத்துக்கொள்ளாது. அதிலும் வேர் குட்டையானால் வெறும் ஆல்கஹால் நச்சுதான்.

வேர்த்தூவி:
மேலே சொன்னது சரி, ஆனால் கட்டுப்பாடு சரியாக வந்தாலும் நான் நம்ப மாட்டேன். அராபிடாப்சிஸில் இந்த நொதிக்கு 12 ஜீன்கள், பியூட்டனால் எதையென்று பார்க்காமல் எல்லாவற்றிலும் கை வைக்கும். அவற்றில் ஜீட்டா1, ஜீட்டா2 இரண்டும் இல்லாத செடியைப் பாருங்கள்: பாஸ்பேட் தாராளமாக இருந்தால் ஒழுங்காக வளரும், குறைத்தால்தான் முதல் வேர் குறுகும். பாஸ்பேட் பஞ்ச காலத்தில் சவ்வின் பாஸ்போலிப்பிடை வெட்டி பாஸ்பேட்டை மீட்டு, காலியான இடத்தில் பாஸ்பேட் இல்லாத காலக்டோலிப்பிடை வைக்கிற வேலையில் இவற்றுக்கும் பங்கு உண்டு. உறைபனியில் இன்னும் வேடிக்கை, ஆல்ஃபா1 குறைந்தால் செடி கூடுதலாகத் தாங்குகிறது, டெல்டா வகை இல்லாவிட்டால் தாங்குவதில்லை. எந்த ஜீன், எந்த நிலைமை என்று சொல்லாமல் பொதுவாக "வளர்ச்சிக்குத் தேவை" என்று எழுதினால் அர்த்தமில்லை.

நாற்றுமேடை:
மூன்றாம்நிலை பியூட்டனால் தட்டு போடவில்லை, இந்த வாரம் போடுகிறேன். நொதியை நிஜமாகவே தடுக்கிற பொருள் ஏதும் உண்டா?

சவ்வூடு:
ஹெக்சனல் (hexanal என்ற ஆல்டிஹைடு, ஆல்கஹாலான hexanol இல்லை). பழம் சீக்கிரம் கனிந்து கெடுவதைத் தள்ளிப்போட, கோவை வேளாண் பல்கலைக்கழகமும் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகமும் மாம்பழத்தில் சோதித்தது இதைத்தான். ஆனால் முளைக்கும் விதையில் அதற்கு வேறு விளைவுகளும் இருக்கலாம், ஜீன் நீக்கிய விதை கிடைத்தால் அதையே கேட்டு வாங்குங்கள்.