'ஆழ்ந்த கவலை' என்று ஐ.நா. சொல்வதால் மியான்மரில் யாருக்காவது ஏதாவது நடந்திருக்கிறதா?

ரங்கூன் பேரன்:

நண்பர்களுக்கு வணக்கம். நான் ஒரு நாளிதழில் வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்க்கிற வேலையில் இருக்கிறேன். மியான்மர் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் கடைசிப் பத்தியில் 'ஐ.நா. ஆழ்ந்த கவலை தெரிவித்துள்ளது' என்று ஒரு வரி இருக்கும். 2017இல் மியான்மரின் முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்கியா மக்கள் ஏழு லட்சம் பேருக்கு மேல் வங்கதேசத்துக்கு ஓடியபோதும் அதே வரிதான், 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோதும் அதே வரிதான். 2023 ஏப்ரலில் சகாயிங் பகுதியில் ஒரு கிராமத்தில், அலுவலகத் திறப்பு விழாவுக்குக் கூடியிருந்தவர்கள் மேல் விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள், குழந்தைகள் உட்பட நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அன்று ராத்திரி அந்த வரியைத் தட்டச்சு செய்துவிட்டு அடுத்த செய்தியை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

எனக்குப் பர்மா வெறும் செய்தி இல்லை. 1964இல் கடைகளையெல்லாம் அரசுடைமையாக்கிய பிறகு ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவர் என் பாட்டி. துறைமுகச் சோதனையில் தோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள் என்று, வெறும் காதைத் தொட்டுக் காட்டிச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். இந்தக் கவலை, கண்டனம், தீர்மானம் எல்லாவற்றாலும் ஒரு உயிராவது தப்பியிருக்கிறதா?

தஞ்சை வக்கீல்:

நல்ல கேள்வி நண்பரே. அறிக்கை குண்டைத் தடுக்காது, அதில் நமக்குள் சண்டையே வேண்டாம். ஆனால் கவலை தெரிவித்தது என்ற அந்த ஒரு வரிக்குப் பின்னால் வேறு சில வேலைகள் நடக்கின்றன, பத்திரிகையில் அவை வருவதில்லை.

ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் மியான்மரில் நடப்பதை விசாரிக்க ஒரு உண்மையறியும் குழு அமைத்தது. தலைவர் இந்தோனேசியாவைச் சேர்ந்த மர்சுகி தருஸ்மான். மியான்மர் உள்ளே விடவில்லை. அதனால் அகதி முகாம்களுக்குப் போய், தப்பி வந்தவர்களையும் நேரில் பார்த்தவர்களையும் 875 பேர் விசாரித்தார்கள். 2018 ஆகஸ்டில், தளபதி மின் ஆங் லைங் பெயரையே சொல்லி, இனப்படுகொலைக்காக விசாரிக்கப்பட வேண்டியவர் என்று எழுதினார்கள். அந்தச் சாட்சியங்களைப் பாதுகாக்க ஜெனீவாவில் ஒரு தனி அமைப்பே உருவானது.

அப்புறம்தான் காம்பியா வருகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஆற்றை ஒட்டி நீளமாகக் கிடக்கிற ஒரு குட்டி நாடு. அதன் அப்போதைய நீதி அமைச்சர் அபுபக்கர் தம்பாது, முன்பு ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த தீர்ப்பாயத்தில் வேலை பார்த்தவர். 2018இல் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் அகதி முகாமுக்குப் போய் அந்தச் சனங்கள் சொன்னதைக் கேட்டார். 2019 நவம்பரில் காம்பியா, மியான்மர் மேல், நாடுகளுக்கு இடையிலான வழக்குகளை விசாரிக்கிற சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. டிசம்பரில், அப்போது அரசுத் தலைமையில் இருந்த ஆங் சான் சூச்சியே அந்த நீதிமன்றம் இருக்கிற ஹேக் நகருக்குப் போய் ராணுவத்துக்காக வாதாடினார். 2020 ஜனவரி 23 அன்று நீதிபதிகள் எல்லோரும் ஒருமனதாக உத்தரவு போட்டார்கள்: இனப்படுகொலைச் செயல்களைத் தடு, தடயங்களை அழிக்காதே, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடு.

இன்னொரு வழியும் இருக்கிறது. தனி ஆட்களை விசாரிக்கிற சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் மியான்மர் உறுப்பினர் இல்லை. ஆனால் வங்கதேசம் உறுப்பினர். ஒருவனைத் துரத்துவது எல்லைக்கு அந்தப் பக்கம் தொடங்கினாலும் அவன் கால் வைத்து முடிவது வங்கதேச மண்ணில் இல்லையா? அதைப் பிடித்துக்கொண்டுதான் விசாரணைக்கு அனுமதி வாங்கினார்கள். 2024 நவம்பரில் மின் ஆங் லைங்கைக் கைதுசெய்ய வாரண்ட் கேட்டு அந்த நீதிமன்றத்தின் தலைமை வழக்கறிஞர் மனு போட்டுவிட்டார். சட்டம் படித்தவனாக, இதை வாசித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மதுரை மாறன்:

வக்கீல் சார் சொல்வதெல்லாம் சரி, ஆனால் எத்தனை வருஷம்? இன் டின் கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 செப்டம்பரில் பத்து ரோஹிங்கியா ஆண்களை மண்டியிட வைத்து, அப்புறம் கொன்று ஒரே குழியில் போட்டார்கள். அந்தப் புகைப்படம் வெளியே வந்தது. விசாரித்து எழுதிய இரண்டு ராய்ட்டர்ஸ் நிருபர்கள் வா லோன், க்யாவ் சோ ஊ இருவரும் 500 நாளுக்கு மேல் சிறையில் கிடந்தார்கள். கொன்ற ஏழு சிப்பாய்களுக்குப் பத்து வருஷம் தண்டனை என்றார்கள், ஒரு வருஷம்கூட ஆகாமல் வெளியே விட்டுவிட்டார்கள். எழுதியவன் இருந்த காலம்கூடக் கொன்றவன் உள்ளே இருக்கவில்லை.

என்னைக் கேட்டால் பணத்தையும் எரிபொருளையும் நிறுத்துவதுதான் நிஜமான கவலை. விமானத்துக்கு எரிபொருள் இல்லாவிட்டால் குண்டு எப்படி விழும்? டோட்டல், செவ்ரான் என்ற இரண்டு எண்ணெய் நிறுவனங்களும் 2022 ஜனவரியில் மியான்மரிலிருந்து விலகுவதாகச் சொன்னதும், மறுமாதமே ஐரோப்பிய ஒன்றியம் மியான்மர் அரசின் எரிவாயு நிறுவனத்தின் மேல் தடை போட்டதும் நல்ல காரியம். ஆனால் தாய்லாந்துக்கு எரிவாயு போவது நின்றுவிடவில்லை. ஆயுதம் போவதைத் தடுக்கச் சொல்லி 2021 ஜூனில் பொதுச்சபையில் தீர்மானம் வந்தபோது 119 நாடுகள் ஆதரித்தன. சீனா, ரஷ்யா, நம் இந்தியா உட்பட 36 நாடுகள் ஆதரிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை, ஒதுங்கி நின்றன. எனக்கு வெட்கமாக இருந்தது. எல்லையில் நமக்கு ஆயிரம் கணக்கு இருக்கும் என்பது புரிகிறது, இருந்தாலும் வெட்கமாகத்தான் இருந்தது.

வன்னிமகள்:

2008 செப்டம்பரில் நான் கிளிநொச்சியில் இருந்தேன். ஐ.நா. பணியாளர்கள் வெளியேறப் போகிறார்கள் என்று தெரிந்ததும் சனம் அவர்களின் அலுவலக வாசலில் போய் நின்றது. போக வேண்டாம், நீங்கள் போனால் எங்களுக்கு நடப்பதைப் பார்க்க ஆளில்லை என்று கெஞ்சினோம். என் அம்மா ஒரு வெள்ளை வாகனத்தின் கதவில் கை வைத்தபடி நின்றார். சாப்பாடும் மருந்தும் பிறகு, முதலில் இங்கேயே இருங்கள் என்பதுதான் அவர் கேட்டது. ஆனாலும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு முள்ளிவாய்க்கால் வரைக்கும் செத்தவர்களை எண்ணுவதுகூடச் சண்டையாகிப் போனது, இன்றைக்கும் எண்ணிக்கைக்குத்தான் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

2012இல் ஐ.நா. தானே தன் தவறை ஆராய்ந்து, இலங்கையில் நாங்கள் தவறிவிட்டோம் என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. 2019இல் மியான்மரில் ஐ.நா. நடந்துகொண்டது பற்றி, ஐ.நா. கேட்டு கெர்ட் ரொசென்தால் எழுதிய அறிக்கையையும் எடுத்து வாசித்துப் பாருங்கள். அரசோடு பக்குவமாகப் பேசிக்கொண்டு வளர்ச்சி வேலையைத் தொடர்வதா, வெளிப்படையாகக் கண்டிப்பதா என்று உள்ளுக்குள்ளேயே இழுபட்டு, ஒட்டுமொத்த அமைப்பே தவறிவிட்டது என்றுதான் அதிலும் இருக்கிறது. எங்களிடம் படித்த பாடம் ரோஹிங்கியா சனத்துக்கு உதவவில்லை என்று வாசித்தபோது அழுதேன்.

அதனால் தம்பி, நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். தூரத்திலிருந்து படுகிற கவலையால் பிரயோசனம் குறைவு. பக்கத்தில் நின்று பார்த்து, பெயரையும் திகதியையும் எழுதிவைக்கிற ஆள் வேண்டும். வக்கீல் தம்பி சொன்ன அந்த 875 பேரிடம் கேட்டு எழுதினார்களே, அப்படிப்பட்ட ஆட்கள்.

கேளம்பாக்கம் டீச்சர்:

அக்கா எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். சென்னைக்குத் தெற்கே கேளம்பாக்கத்தில் ஒரு புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் ரோஹிங்கியா குடும்பங்கள் பல வருஷமாக இருக்கிறார்கள். ஆண்கள் பெரும்பாலும் பழைய பிளாஸ்டிக், இரும்பு பொறுக்கி எடைக்குப் போடுகிறார்கள். நம் நாடு 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடாததால் ஐ.நா. கொடுத்த அட்டைதான் அவர்களுக்கு இருக்கிற ஒரே காகிதம். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அரிசி டப்பாவுக்குள் வைத்திருப்பார்கள்.

நான் அங்கே பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கப் போவேன். பக்கத்து அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள், நம்மைவிட வேகமாகத் தமிழ் பேசுகிறார்கள். ஒரு சிறுமி நான்கு கோடு நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினாள். பக்கம் முழுக்கத் தமிழ் எழுத்தில் பெயர்கள், எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுடைய அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊரில் கொல்லப்பட்ட சொந்தக்காரர்களின் பெயர்களை மறந்துவிடுவோமோ என்று பயந்து, ராத்திரியில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல மகள் எழுதியிருக்கிறாள். அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரிந்த ஒரே எழுத்து தமிழ்தான். சில பெயர்களுக்கு மேல் அடித்துத் திருத்தியிருக்கிறது, உச்சரிப்பு சரியாக வரவில்லையாம்.

வக்கீல் சார், இந்த மாதிரி நோட்டை யாராவது வாங்கிக்கொள்வார்களா? இதற்கு மதிப்பு இருக்கிறதா?

தஞ்சை வக்கீல்:

கண்டிப்பாக இருக்கிறது மேடம். ஜெனீவா அமைப்பு தனி ஆட்கள் கொடுக்கிற தகவலையும் பெற்றுக்கொள்கிறது. ஆனால் முதலில் அந்த அம்மாவிடம் நன்றாக விளக்கிச் சம்மதம் கேளுங்கள், அவர் வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். நோட்டை வாங்கி வராதீர்கள், பக்கத்தைக் கிழிக்கவும் வேண்டாம். அடித்தல் திருத்தலோடு அப்படியே படம் எடுங்கள். யார் சொல்லி யார் எழுதியது, எந்த ஊர், எப்போது எழுதியது என்று தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இங்கேயோ வாட்ஸாப்பிலோ தயவுசெய்து போட்டுவிடாதீர்கள், ஊரில் மிச்சமிருக்கிற சொந்தக்காரர்களுக்கு ஆபத்து.

ரங்கூன் பேரன்:

எல்லோருக்கும் நன்றி. வன்னிமகள் அக்கா, உங்கள் அம்மா கதவில் கை வைத்து நின்றதைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என்னால் செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. இனி 'கவலை தெரிவித்தது' வரியோடு செய்தியை முடிக்க மாட்டேன், எந்த நாடு எப்படி வாக்களித்தது, வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று இரண்டு வரி சேர்த்துக் கொடுப்பேன். இடம் போதவில்லை என்று வெட்டினால் அடுத்த நாளும் சேர்ப்பேன்.

கேளம்பாக்கம் டீச்சர்:

சரி சார், சனிக்கிழமை போகும்போது அந்த அம்மாவிடம் பேசுகிறேன். கிளம்பும்போது அவர் சொன்னது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயர்களை இன்னும் எழுதவே ஆரம்பிக்கவில்லையாம். புது நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போகிறேன்.