புதுப்பிப்பு: எடிர்னேயில் மோட்டார்ஹோமை நிறுத்த இடம் கிடைத்தது

துருக்கியின் எடிர்னே நகரில் எங்கள் மோட்டார்ஹோமை (தங்கும் வசதியுள்ள பெரிய வண்டி) எங்கே நிறுத்துவது, வித்தியாசமாக என்ன பார்ப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஊருக்கு வெளியே சுற்றுலா வண்டிகள் தங்கும் முகாமில் நிறுத்திவிட்டு மினிபஸ்ஸில் போகச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. பழைய தெருக்களில் பெரிய வண்டி திரும்பவே முடியாது.

ஓட்டோமான் கட்டடக் கலைஞர் மிமார் சினான் கட்டி 1575-இல் முடிந்த செலிமியே மசூதியில், தலைகீழ் துலிப் பூச் செதுக்கல் நீங்கள் சொன்னபடியே நடுமேடையின் பளிங்குத் தூணில் இருக்கிறது. சிறியது, நிதானமாகத் தேடுங்கள்.

அப்புறம், யாரும் சொல்லாத ஒன்று: கண்ணாடி பதித்து அலங்கரித்த துடைப்பங்கள்! மணப்பெண்ணின் சீர்வரிசையில் வைக்கும் பொருளாம். என்ன அழகு! அலி பாஷா சந்தையில் ஆப்பிள், பீச், திராட்சை வடிவச் சோப்புகளும் குவிந்திருக்கின்றன. நிறமும் வாசமும் அசல் பழமேதான். குழந்தைகளுடன் போனால் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.