டர்பன்ல சின்னச் சின்ன சபைங்க ஒண்ணா சேர்ந்து சாப்பாடு குடுக்குற ஊழியம் பண்ண முடியுமா? அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க

பைன்டவுன்_ஜெபா:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் திருநெல்வேலி பக்கம், வேலை விஷயமா இப்போ தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் பைன்டவுன்ல இருக்கேன், ஞாயித்துக்கிழமை டர்பன்ல நம்ம இந்திய ஜனங்க நெறைய இருக்குற சாட்ஸ்வர்த்ல ஒரு சின்ன சபைக்குப் போறோம். ஆராதனை இங்கிலீஷ்ல தான், தமிழ்ப் பாட்டு ஒண்ணு ரெண்டு பாடுவாங்க, பாதிப்பேருக்கு அர்த்தம் தெரியாது, ஆனா ராகம் மட்டும் நம்ம ஊர்ல பாடுறதை விட சுத்தமா வரும், அது வேற கதை.

விஷயத்துக்கு வரேன். எங்க சபை இருக்குற ஏரியாவுல நடந்து போற தூரத்துலயே ஏகப்பட்ட சபைங்க, ஒண்ணு கராஜ்ல, ஒண்ணு ஸ்கூல் ஹால்ல, ஒண்ணு சொந்தக் கட்டடத்துல. கிட்டத்தட்ட எல்லாருமே ஏழைங்களுக்கு சாப்பாடு குடுக்குறாங்க, நல்ல விஷயம் தான், ஆனா எல்லாரும் சனிக்கிழமை மத்தியானம் தான் குடுக்குறாங்க! அதுவும் எல்லாரும் பிரியாணி, அந்த மைசூர் பருப்பு போட்ட டர்பன் பிரியாணி. சனிக்கிழமை ஒரே ஆள் மூணு இடத்துல வரிசையில நிக்கிறார், மூணாவது டப்பாவை வித்துட்டுப் போறார். அதே ஆளை செவ்வாய்க்கிழமை ரோபோட் (இங்க டிராஃபிக் சிக்னலுக்கு அது தான் பேரு) கிட்ட பாத்தா காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலங்கறார், பொய் இல்ல, மூஞ்சிய பாத்தாலே தெரியுது.

இதெல்லாம் ஒண்ணா சேர்த்து வாரம் முழுக்க குடுக்கலாமேன்னு எங்க பாஸ்டர்கிட்ட சொன்னேன். அவர் நல்ல மனுஷன், சரி பேசிப்பாருன்னுட்டார். பேசினா தான் தெரியுது. ஒருத்தர் முழுக்கு ஞானஸ்நானம் இல்லாதவங்களோட ஐக்கியம் கிடையாதுங்கறார், இன்னொருத்தர் கத்தோலிக்கர் வந்தா நான் வரலங்கறார், இன்னொருத்தர் நேரா கேட்டுட்டார், பேனர்ல யார் பேரு மேல வரும்னு. பணம் யார் கணக்குல போடுறதுங்கறது அடுத்த சண்டை. எங்க ஊர்ல பண்டிகைக்கு அசனம் வெச்சா ஊரே வந்து காய் நறுக்கும், ஊரே உக்காந்து சாப்பிடும், யார் பேரும் எங்கயும் இருக்காது. இங்க ஏன் முடியல? யாராவது இப்படி சேர்ந்து செஞ்சிருக்கீங்களா, எங்கருந்து ஆரம்பிக்கிறதுன்னு சொல்லுங்க ப்ளீஸ்.

டர்பன்_நர்ஸ்_அக்கா:

ஜெபா தம்பி, நீ புதுசா எதையும் கண்டுபிடிக்க வேண்டாம்பா, டர்பன்ல இதுக்கு ஒரு பழைய பாதை இருக்கு. 1976லயே ஆர்ச்பிஷப் டெனிஸ் ஹர்லி டயகோனியான்னு சபைகளோட கவுன்சில் ஒண்ணு ஆரம்பிச்சார், இனவெறி ஆட்சி உச்சத்துல இருந்த காலம் அது, கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கனும் மெதடிஸ்டும் லூத்தரனும் ஒரே மேஜையில உக்காந்தாங்க. இன்னைக்கும் பெரிய வெள்ளி அன்னைக்கு விடியக்காலையில எல்லா சபைக்காரங்களும் சேர்ந்து டவுன்ல சிலுவையைத் தூக்கிட்டு நடப்பாங்க, ஒரு தடவை போய் பாரு.

அப்புறம் டவுன்ல இம்மானுவேல் கதீட்ரல் பக்கத்துல டெனிஸ் ஹர்லி சென்டர் இருக்கு, 2015ல திறந்தாங்க. ஒரு பக்கம் கதீட்ரல், அந்தாண்ட ஜும்மா மசூதி, சுத்தி விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட், வார்விக் டாக்சி ஸ்டாண்டு. தெருவுல படுக்கறவங்களுக்கு அங்க சாப்பாடு, குளிக்க இடம், ஒரு கிளினிக், எல்லாம் ஒரே கட்டடத்துல. சமைக்க வர்றவங்க கத்தோலிக்கர் மட்டும் இல்ல, முஸ்லிம், இந்து எல்லாரும் வர்றாங்க. யார் எந்த சாமி கும்பிடுறாங்கன்னு வெங்காயம் உரிக்கும்போது யாரும் கேக்குறதில்ல.

நான் நர்ஸ்ங்கறதால இன்னொண்ணு சொல்லிடறேன். சாப்பாட்டோட நிக்காதீங்க. நம்ம மாகாணத்துல டிபியும் ஹெச்ஐவியும் எவ்வளவுன்னு உனக்கே தெரியும். டிபி மாத்திரை சாதாரணமா ஆறு மாசம் சாப்பிடணும், வெறும் வயித்துல போட்டா குமட்டிக்கிட்டு வரும், ரெண்டு வாரத்துல விட்டுடுவாங்க, விட்டா மருந்துக்கு அடங்காத டிபியா மாறி வந்து நிக்கும். அதனால சனிக்கிழமை மூணு பிரியாணி குடுக்குறதை விட தினமும் ஒரே நேரத்துல ஒரே இடத்துல ஒரு கிண்ணம் பீன்ஸ் சூப் குடுத்தா அது மருந்து மாதிரி. நேரம் மாறாம இருந்தா கிளினிக் ஆளுங்களும் அங்க வந்து பாப்பாங்க. நீங்க சேரணும்னா இதுக்காகத் தான் சேரணும், தனி சபையால ஏழு நாள் முடியாது.

சாட்ஸ்வர்த்ல உங்க வரிசையில நிக்கிற பசங்கள்ல நெறைய பேர் சுகர்ஸ் அடிக்கிறவங்களா இருப்பாங்க, டவுன்ல அதையே ஊங்காம்பாங்க. ஹெராயின் கலந்த சாமான் அது, திடீர்னு நிறுத்தினா உடம்பு முறுக்கும், ஜெபத்தால மட்டும் தாங்க முடியாது. அவங்களைத் திட்டி அனுப்பாதீங்க, அந்தப் பழக்கத்தை மெதுவா விட குடுக்குற மருந்து மெத்தடோன், அது எங்க கிடைக்கும்னு விசாரிச்சு வெச்சுக்கோங்க.

பேவியூ_கோவிந்த்:

என் தமிழ் கொஞ்சம் உடஞ்ச தமிழ், மன்னிக்கணும், ஆயா சொல்லிக் குடுத்தது, மீதி கோயில் கிளாஸ்ல கத்துக்கிட்டேன். நான் சர்ச் ஆள் இல்ல, மாரியம்மன் ஆள். ஆனாலும் சொல்றேன்.

தம்பி நீங்க ஏழை ஏழைன்னு சொல்றீங்க, சாட்ஸ்வர்த் எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கோங்க முதல்ல. ஒவ்வொரு இனமும் தனித்தனி ஏரியாவுல தான் இருக்கணும்னு போட்ட 1950 குரூப் ஏரியாஸ் சட்டத்தை வெச்சு கேட்டோ மேனர், ரிவர்சைட், மேகசின் பேரக்ஸ் எல்லா இடத்துலருந்தும் நம்ம ஆளுங்களைத் தூக்கி 60கள்ல இங்க கொண்டாந்து போட்டாங்க. கோயில், சர்ச், பள்ளிக்கூடம் எல்லாம் நாங்களே சீட்டுப் போட்டு, கேக் வித்து கட்டினது. 1999–2000ல பேவியூ ஃப்ளாட்ஸ்ல வாடகை பாக்கின்னு சாமானை வெளிய எறிய வந்தப்ப இனவெறிக்கு எதிரா போராடின பாத்திமா மீர் அம்மா வந்து எங்க ஜனங்களோட நின்னாங்க. அன்னைக்கு படிக்கட்டுல உக்காந்த பொம்பளைங்கள்ல கிறிஸ்டியன், இந்து, முஸ்லிம் எல்லாம் இருந்தாங்க. பாஸ்டர் கமிட்டி போட்டு யாரும் அவங்களைச் சேர்க்கல.

2022 ஏப்ரல் வெள்ளத்துலயும் அதே தான். டர்பன் சுத்தி 400 பேருக்கு மேல செத்துப்போனாங்க, வீடு சரிஞ்ச ஜனங்க ஹால், கோயில், சர்ச், மசூதி எது தொறந்திருந்துச்சோ அங்க படுத்தாங்க. தண்ணி இல்ல, பைப் உடஞ்சு எத்தனையோ நாள். அப்போ பாத்தேன், யார் வீட்டுல கேஸ் இருக்கோ அவங்க சமைச்சாங்க, யார்கிட்ட பக்கி (சின்ன பிக்கப் வண்டி) இருக்கோ அவங்க தண்ணி கொண்டாந்தாங்க. வெள்ளம் வடிஞ்சதும் அவங்கவங்க பேனரை எடுத்து மாட்டிட்டாங்க.

அதனால என் யோசனை இது. பாஸ்டர்களைக் கூப்பிடாதே. சமைக்கிற ஆன்ட்டிங்களைக் கூப்பிடு. எந்த சபையிலயும் உண்மையா வேலை செய்யுறது நாலஞ்சு ஆன்ட்டி தான், அவங்க எல்லாருக்கும் ஒருத்தரை ஒருத்தர் ஏற்கனவே தெரியும், ஒரே பஸ், ஒரே கிளினிக், ஒரே மார்க்கெட் (சாட்ஸ்வர்த்ல அதுக்கு பங்களாதேஷ் மார்க்கெட்னு பேரு). அவங்களை ஒரு டீக்கு உக்கார வெச்சு யாருக்கு எந்த நாள் வசதின்னு மட்டும் கேளு. ஞானஸ்நானம் பத்தி பேச்சே வராது பாரு. மார்க்கெட்ல சாயங்காலம் மூடுற நேரம் போனா மீந்த காய் சும்மாவே குடுப்பாங்க, ஆன்ட்டிங்க கேட்டா தான் குடுப்பாங்க, உன்னை மாதிரி ஐடி கம்பெனி ஆள் கேட்டா விலை சொல்வாங்க ஹாஹா.

ரூபன்_ஊழியன்:

கோவிந்த் அண்ணா சொல்றது நல்லாத்தான் இருக்கு ஆனா எனக்கு ஒரு நெருடல். எங்க குடும்பம் பெதஸ்தா சபை, ரோலண்ட்ஸ் பாஸ்டர் 1931ல டர்பன்ல கூட்டம் ஆரம்பிச்ச காலத்து வழி, எங்க தாத்தா அதுல தான் ரட்சிக்கப்பட்டார். குடிச்சு அழிஞ்சுகிட்டிருந்த மனுஷன். அவருக்கு அன்னைக்கு வெறும் சூப் மட்டும் குடுத்து அனுப்பியிருந்தா நான் இன்னைக்கு இங்க எழுதிட்டு இருக்கமாட்டேன். எல்லாரும் சேரணுங்கறதுக்காக இயேசு பேரையே எடுத்துட்டா அப்புறம் அது முனிசிபாலிட்டி சூப் கிச்சன், சபை எதுக்கு?

டர்பன்_நர்ஸ்_அக்கா:

ரூபன், பேரை எடுக்கச் சொல்லலப்பா. தட்டுக்கு முன்னாடி வைக்காதேன்னு தான் சொல்றேன். டவுன் பக்கம் ஒரு இடத்துல (பேர் வேண்டாம்) முக்கால் மணி நேரம் பிரசங்கம் முடிஞ்சா தான் ரொட்டி. நான் டியூட்டி முடிஞ்சு போறப்ப பாப்பேன், சுகர் வியாதி இருக்குற ஒரு வயசான சூலு அப்பா வெயில்ல நின்னு நடுங்கிட்டு இருப்பார். கர்த்தர் அஞ்சாயிரம் பேருக்குக் குடுத்தப்போ கை தூக்கினவங்களுக்கு மட்டும்னு சொல்லலையே. சாப்பிட்டு முடிச்சப்புறம் உக்காந்து பேசு, ஜெபிக்கணும்னா கேட்டுட்டு ஜெபி. கேக்குறவங்க கேப்பாங்க.

ரூபன்_ஊழியன்:

அது சரி அக்கா, வரிசையில நிக்க வெச்சு பிரசங்கம் நானும் ஒத்துக்கமாட்டேன். ஆனா எங்க முறை வர்ற நாள்ல சாப்பிட்டப்புறம் பாட்டும் சாட்சியும் இருக்கும், அதை நிறுத்தச் சொன்னா நாங்க வரமாட்டோம், இப்பவே சொல்லிடறேன்.

கணக்கு_உமா:

ஜெபா பிரதர், பணம் பத்தி யாரும் பேசல, நான் பேசறேன், நான் பாக்குற வேலையே அது தான். ஜோபர்க்ல இருக்கேன், இங்க இப்படி சேர்ந்த சில குழுக்களோட கணக்கைப் பாத்திருக்கேன், உடையுறது எப்பவும் கொள்கையால இல்ல, பணத்தால தான். அதனால ஆரம்பத்துல பணமே சேர்க்காதீங்க. ஒவ்வொரு சபையும் அவங்க நாளுக்கு அவங்களே அரிசி பருப்பு வாங்கட்டும், பொதுப் பணம்னு ஒண்ணு இல்லன்னா திருடன்னு யாரும் யாரையும் சொல்ல முடியாது. ஆறு மாசம் சண்டையில்லாம ஓடினா அப்புறம் ஒரு கான்ஸ்டிட்யூஷன் எழுதி 1997 சட்டப்படி என்பிஓவா (லாப நோக்கம் இல்லாத அமைப்பா) சோஷியல் டெவலப்மென்ட் டிபார்ட்மென்ட்ல பதிவு பண்ணுங்க, அதுக்கு ஃபீஸ் கிடையாது. பேங்க்ல ரெண்டு கையெழுத்து, ரெண்டும் வேற வேற சபை ஆளா இருக்கணும், புருஷன் பொண்டாட்டியா இருக்கக் கூடாது (சிரிக்காதீங்க, பாத்திருக்கேன்). பதிவு இருந்தா ஃபுட்ஃபார்வர்ட் மாதிரி கடைகள்ல மீந்த சரக்கை வாங்கிப் பிரிச்சுக் குடுக்குறவங்ககிட்ட விண்ணப்பிக்கலாம். அப்புறம் வரி டிபார்ட்மென்டான சார்ஸ்கிட்ட 18ஏ அனுமதி வாங்கினீங்கன்னா காசு குடுக்குற கம்பெனிக்கு வரிச்சலுகை கிடைக்கும், அதுக்கப்புறம் தான் பெரிய ஆளுங்க திரும்பிப் பாப்பாங்க.

இன்னொண்ணு, ஒரு சபை சமைக்கட்டும், இன்னொரு சபை ஃபார்ம் எழுதட்டும். வேலையில்லாதவங்களுக்கு அரசாங்கத்தோட உதவித்தொகை ஆபீஸ் சாசா குடுக்குற எஸ்ஆர்டி உதவித்தொகை 2024ல இருந்து மாசம் 370 ரேண்ட், அதுக்கு ஐடி நம்பர் (அடையாள அட்டை எண்) வேணும். தெருவுல படுக்கறவங்களுக்கு முதல்ல தொலையுறது ஐடி தான், மழையில போகும், இல்ல போலீஸ் கலைக்கிறப்போ மூட்டையோட போகும். திரும்ப எடுக்க 140 ரேண்ட், கையில 10 ரேண்ட் இல்லாதவங்க எங்க போவாங்க. ஐடி குடுக்குற ஹோம் அஃபேர்ஸ் ஆபீஸ் வரிசையில கூட நிக்க ஒரு ஆளும் அந்த 140ம் குடுத்தா, அது எத்தனை பிரியாணிக்கு சமம்னு நீங்களே பாருங்க. உங்க சபைகள்ல ரிட்டயர்டு டீச்சருங்க கண்டிப்பா இருப்பாங்க, சமைக்கத் தெரியாதுன்னு ஒதுங்கி நிக்கிறவங்க, அவங்களை இதுக்குப் பிடிங்க.

பைன்டவுன்_ஜெபா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ வரும்னு நினைக்கல. நர்ஸ் அக்கா, ஹர்லி சென்டருக்கு அடுத்த வாரம் லீவு போட்டு போறேன்.

எங்க ஊர் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) கதை தான் ஞாபகம் வருது. 1919ல தரங்கம்பாடில சபைகள் ஒண்ணு சேரலாம்னு பேச ஆரம்பிச்சவங்க 1947ல தான் முடிச்சாங்க, 28 வருஷம். நம்ம ரோபோட் கிட்ட நிக்கிற ஆளு அவ்ளோ நாள் பசி தாங்கமாட்டார், அதனால கோவிந்த் அண்ணா வழியே சரின்னு படுது. எங்க சபையில சமைக்கிற ஆன்ட்டிகிட்ட நேத்து ராத்திரியே போன்ல பேசிட்டேன். நான் முழுசா சொல்லி முடிக்கிறதுக்குள்ள கராஜ் சபை ஆன்ட்டி அவங்க ஸ்கூல் ஃபிரெண்டுங்கறாங்க, மெதடிஸ்ட் சபையில சமைக்கிறது அவங்க நாத்தனாராம்! பாஸ்டர்களுக்கு எப்ப சொல்லணும்னு கேட்டேன், "சமைச்சப்புறம் சாப்பிடக் கூப்பிடலாம்"ங்கறாங்க.

புதனும் வியாழனும் ஆள் ரெடி. ரூபன் பிரதர், வெள்ளி உங்களுக்கு, சாப்பிட்டப்புறம் பாட்டு உங்க இஷ்டம். உமா சிஸ்டர், ஐடி ஃபார்ம் எழுத ஒரு ரிட்டயர்டு பிரின்சிபல் இருக்கார், மடக்கிடறேன். செவ்வாய் தான் யாரும் இல்ல. இருக்குற அண்டாவும் சின்னது, 40 பேருக்கு மேல தாங்காது. யார்கிட்டயாவது பெரிய அண்டா இரவல் கிடைக்குமா?

பேவியூ_கோவிந்த்:

அண்டா எங்க கோயில்ல இருக்கு, புரட்டாசிக்கும் காவடிக்கும் தான் எடுப்போம், மத்த நாள் சும்மா கவுத்து வெச்சிருக்கு, 300 பேருக்கு வரும். கமிட்டிகிட்ட நான் பேசிக்கறேன். ஆனா அதுல கோழி கீழி போடக் கூடாது, பருப்பு, சுகர் பீன்ஸ், காய் மட்டும் தான், இப்பவே சொல்லிட்டேன். செவ்வாய் எங்களுக்கும் விரத நாள், எங்க ஆன்ட்டிங்களே வந்து செஞ்சுக் குடுப்பாங்க. பக்கி எடுத்துட்டு வா, அது கார் பூட்ல அடங்காது.