பீகாரைவிடக் கேரளாவில் இறப்பு விகிதம் அதிகமா? எங்கே தப்பு?

குரூப்2_கனவு:
வணக்கம். 2020-க்கான மாதிரிப் பதிவுத் திட்ட (எஸ்.ஆர்.எஸ்.) அறிக்கையிலிருந்து குறிப்பெடுக்கும்போது ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன். ஆயிரம் பேருக்கு இறப்பு: பீகார் 5.4, கேரளா 7.0, தமிழ்நாடு 6.1, நாடு முழுக்க 6.0. ஆனால் ஆயிரம் உயிர்ப்பிறப்புக்குச் சிசு மரணம் பீகாரில் 27, தமிழ்நாட்டில் 13, கேரளாவில் 6. குழந்தைகளை இவ்வளவு நன்றாகக் காப்பாற்றும் மாநிலத்தில் மொத்தச் சாவு மட்டும் எப்படிக் கூடும்? அச்சுப் பிழையா?

வெட்டிப்பேச்சு:
பீகார்ல சாவையே பதிய மாட்டாங்க பாஸ். அவ்ளோதான்.

கணக்குவாத்தி:
மேலே சொன்னது வேறு சங்கதி. வி.ஏ.ஓ.விடமோ நகராட்சியிலோ 21 நாளுக்குள் பதிகிறோமே, அந்தக் கணக்கு இல்லை இது. எஸ்.ஆர்.எஸ்-சில் நாடு முழுக்க 8,800-க்கும் மேற்பட்ட மாதிரிப் பகுதிகள். அந்தந்த ஊரிலேயே இருக்கும் ஒருவர் பிறப்பு இறப்பை அவ்வப்போது எழுதுவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொருவர் வந்து வீடு வீடாகத் தனியாகக் கேட்பார். இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாததை மறுபடி போய் விசாரிப்பார்கள். ஒன்றிரண்டு விடுபடலாம். அதை வைத்து 5.4-க்கும் 7.0-க்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க முடியாது. வயதைப் பாருங்கள்: கேரளாவில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் 60 தாண்டியவர்.

ஓய்வுபெற்ற_நர்சம்மா:
தம்பி, நான் தர்மபுரி மாவட்டத்தில் 32 வருஷம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள். விகிதமெல்லாம் எனக்கு வராது, ரெஜிஸ்டர்தான் தெரியும். வாத்தியார் சொன்ன வயது விஷயத்தை என் ஊர் வழியாகச் சொல்கிறேன்.

என் சப்சென்டருக்குட்பட்ட ஓர் ஊரில் மேலத்தெரு இளவட்டம் பூராவும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டது. மிச்சம் இருந்ததெல்லாம் கிழடுகள். வருஷத்துக்கு நாலு சாவு விழும். செங்கல் சூளைப் பக்கம் புதிதாக வந்த குடிசைகளில் எல்லாம் இருபது, முப்பது வயசு. அங்கே ஒரு சாவு விழுந்தாலே அதிகம். அதனால் மேலத்தெருவில் மருத்துவ வசதி மோசம் என்று எழுதிவிடலாமா? கேரளா மேலத்தெரு. நாமும் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.

சிசு மரணம் அப்படியில்லை. அந்த வருஷம் பிறந்த பிள்ளைகளுக்குள் மட்டும் எண்ணுவது. கிழவர் எத்தனை பேர் இருந்தாலும் அது மாறாது. ஆனால் அதை எண்ணுவதுதான் பெரும்பாடு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் "எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்பேன். "நாலு" என்பார்கள். எழுதி முடித்து, மோர் குடித்துவிட்டுக் கிளம்பும்போது, "அதுக்கு முன்னாடி ஒண்ணு தங்கல" என்பார்கள். பேர் வைக்கும் முன்னே போன பிள்ளை வீட்டுக் கணக்கிலேயே வராது, சர்க்கார் கணக்கில் எப்படி வரும்? பிறகு கேள்வியை மாற்றிக்கொண்டேன்: "எத்தனை தரம் பெத்தீங்க?"

ஏன் தங்கவில்லை என்றால், பாதிக் கதை தொப்புள்கொடியில்தான். அரிவாளால் அறுத்துச் சாம்பல் அப்புவார்கள். நாலைந்து நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை திடீரென்று வாய் திறக்காது, தொட்டால் வில்லாக வளையும். ரணஜன்னி (டெட்டனஸ்). காத்து கருப்பு என்று மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கர்ப்பமாக இருக்கும்போது தாய்க்கு இரண்டு டி.டி. ஊசி போட்டால் தீர்ந்தது. "நான் நல்லாத்தானே இருக்கேன், எனக்கெதுக்கு ஊசி" என்று கம்பங்கொல்லைக்குள் ஒளிந்தவர்களை வரப்பிலேயே மடக்கிப் போட்டிருக்கிறேன். 2015-ல் பச்சிளங்குழந்தை ரணஜன்னி நாட்டில் ஒரு பிரச்சினையாகவே இல்லாமல் போனது என்று அறிவித்தபோது, நான் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

எங்கள் மாவட்டம், சேலம், உசிலம்பட்டிப் பக்கமெல்லாம் இன்னொரு விஷயமும் அந்த எண்ணுக்குள் இருந்தது. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏன் வந்தது என்று உங்கள் பாடத்தில் இருக்கும். ஒரு வீட்டில் மூன்றாவது பெண், பிறந்த நாலாம் நாள். "வயித்துப்போக்குன்னு எழுதிக்கோ நர்சம்மா" என்றார்கள். எழுதினேன். அது எந்தப் பக்கம், எத்தனையாவது வரி என்று இன்றைக்கும் சொல்வேன்.

குரூப்2_கனவு:
நன்றிம்மா. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஒரே ஒரு கேள்வி. நாடு முழுக்கச் சிசு மரணம் 1971-ல் 129 ஆக இருந்தது 2020-ல் 28, 2023-ல் 25. முன்பு மளமளவென்று குறைந்தது, இப்போது ஒன்றிரண்டாகத்தானே இறங்குகிறது?

ஓய்வுபெற்ற_நர்சம்மா:
முன்னே பிள்ளைகள் போனதை ஊசி, உப்புச் சர்க்கரைக் கரைசல், சுத்தமான பிளேடு, இவற்றை வைத்தே தடுத்தோம். என் தோள்பையில் கொள்ளுகிற சாமான்கள். 108 வண்டி வந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரியும் ஸ்டாஃப் நர்ஸ் இருக்க ஆரம்பித்ததும் வீட்டுப் பிரசவமும் நின்றது.

2020-ல் அந்த 28-இல் 20 குழந்தைகள் முதல் 28 நாளுக்குள் போனவை. குறைமாதம், பிறந்ததும் மூச்சுத் திணறல், கிருமித் தொற்று. அதற்கு இன்குபேட்டர், ஆக்சிஜன், கண் மூடாத நர்ஸ் எல்லாம் வேண்டும். பையில் கொண்டுபோக முடியாது. நம்மால் ஆகிற ஒன்று உண்டு, கங்காரு முறை. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் ஒரு பெண் ஒன்றரைக் கிலோப் பிள்ளையோடு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாள். மாமியாருக்குச் சொல்லிப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது: பிள்ளையைத் தொட்டிலில் போடாதே, துணி விலக்கித் தாயின் நெஞ்சோடு கட்டு. கடைசியில் மருமகள் குளிக்கப் போன நேரத்தில் மாமியாரே தன் நெஞ்சில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கணக்குவாத்தி:
தம்பி, பழைய வினாத்தாளில் "பச்சிளங்குழந்தை இறப்பு" என்று வந்தால் 28 நாள், "சிசு" என்றால் ஒரு வருஷம். குழப்பிக்கொள்ளாதே.