நிகழ்தகவு: ஏன் இரண்டால் பெருக்க வேண்டும்?

கணக்கு ஆசிரியர்கள் யாராவது உதவுங்களேன். அக்கா மகள் பத்தாம் வகுப்பு. ஒரு பையில் 5 சிவப்புக் கோலி, 3 நீலக் கோலி. பார்க்காமல் இரண்டு எடுக்கிறோம், திருப்பிப் போடுவதில்லை. இரண்டும் சிவப்பாக இருக்க 5/8 × 4/7, அதாவது 20/56. இது அவளுக்குப் புரிந்துவிட்டது.

நிறத்துக்கு ஒன்றாக வருவதில்தான் சிக்கல். 5/8 × 3/7 = 15/56 என்று நிறுத்திவிடுகிறாள். சிவப்பு முதலில் வரலாம், நீலமும் முதலில் வரலாம், அதனால் இருமடங்கு, 30/56 என்றேன். உடனே, "ரெண்டையும் ஒரே பிடியில எடுத்தா முதல் எது, ரெண்டாவது எது சித்தி?" என்றாள். அருமையான கேள்வி, அதை அமுக்க மனமில்லை.

இரண்டும் நீலம் 6/56. மூன்றையும் கூட்டினால் 56/56 வர வேண்டும், 15 என்று வைத்தால் 41தான் வருகிறது என்று காட்டினேன். விடை சரி என்று ஒப்புக்கொண்டாள், ஆனால் காரணம் பிடிபடவில்லை. சேர்வுகள் (வரிசை பார்க்காமல் தேர்ந்தெடுக்கும் வழிகளை எண்ணுவது) பதினொன்றாம் வகுப்பில்தான் வரும், அந்தச் சூத்திரம் இப்போது வேண்டாம். கோலிகளுக்கு எண் போட்டு ஜோடிகளை எழுதவைக்கலாமா? வகுப்பில் நீங்கள் எப்படி விளக்குவீர்கள்?