தக்கிளியில் நூற்ற நூலைப் பின்னினால் துணி ஏன் கோணுகிறது?

சாத்தூர் கணக்கு டீச்சர்:

வணக்கம். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு முழிக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அத்தையின் டிரங்குப் பெட்டியைத் துடைத்தபோது ஒரு பித்தளைத் தக்கிளி, கையால் சுழற்றி நூல் நூற்கிற கருவி, கிடைத்தது. ஐம்பதுகளில் அத்தை படித்த பள்ளியில் நூற்பு வகுப்பு உண்டாம். இப்போது வயது 84. "குடு இங்கே" என்று வாங்கி, ஒரு கொட்டாங்கச்சியில் நிறுத்திச் சுண்டிவிட்டார். தக்கிளி நின்ற இடத்திலேயே சுற்ற, இடது கை பஞ்சோடு மேலே போனது. முடி மாதிரி ஒரு இழை. எனக்கு ஆசை வந்துவிட்டது.

பஞ்சு ஊரிலிருந்து வந்த கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தி. கொட்டையைக் கையாலேயே எடுத்து, விரலால் உதிர்த்து, பென்சிலில் சுற்றித் திரியாக்கிக்கொண்டேன். முதல் இரண்டு நாள் நூலே இல்லை, குப்பைதான். மூன்றாம் நாள் கை பழகியது. ஒரு வாரம் தினம் ஒரு மணி நேரம், சில நாள் ஒன்றரை. நாற்காலி முதுகில் சுற்றி அளந்தேன், ஒரு சுற்று ஒரு மீட்டர். 260 சுற்று வந்தது. சமையலறைத் தராசில் 28 கிராம்.

சனிக்கிழமை பின்ன உட்கார்ந்தேன். 10-ஆம் நம்பர் ஊசி, 30 கண்ணி, ஒரு வரிசை நிட் (முன்பக்கக் கண்ணி), ஒரு வரிசை பர்ல் (பின்பக்கக் கண்ணி). நாற்பது வரிசை முடித்து மேசையில் விரித்தால் சதுரம் இல்லை, இணைகரம்! வகுப்பில் போர்டில் வரைந்து காட்டுவேனே, அதே மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. கண்ணிகளை இரண்டு தடவை எண்ணிவிட்டேன், சரியாகத்தான் இருக்கிறது. கடையில் வாங்கிய நூலில் பின்னியபோது இப்படி ஆனதே இல்லை.

இன்னொன்று. பகல் பதினோரு மணிக்கு மேல் நூற்றால் நூல் பட்பட்டென்று அறுகிறது. ஃபேன் போட்டால் பஞ்சு வீடு முழுக்கப் பறக்கிறது. அதனால் விடியற்காலை நாலரைக்கு எழுந்து, ஃபேனை அணைத்துவிட்டு, சமையலறை விளக்கு ஒன்றை மட்டும் போட்டு நூற்கிறேன். அப்போது அவ்வளவாக அறுவதில்லை. என் கைதான் காலையில் ஒழுங்காக இருக்கிறதா, இல்லை வேறு காரணமா?

மூன்றாவது, சிரிக்காதீர்கள். நூலகத்தில் எடுத்த ஒரு ரஷ்ய நாவலின் மொழிபெயர்ப்பு, எழுநூறு பக்கம், லீவுக்குள் முடித்தே தீருவது என்று வைத்திருக்கிறேன். பின்னிக்கொண்டே படிக்கிறவர்கள் எப்படிப் படிக்கிறீர்கள்? நான் கண்ணி எண்ணி முடிப்பதற்குள் யார் யாருடைய தம்பி என்பது மறந்துபோகிறது. அந்த ஊரில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர் வேறு.

ஆகஸ்டில் மகளுக்குக் குழந்தை பிறக்கும். ஒரு குல்லாவாவது பின்னிவிட வேண்டும்.

திருப்பூர் பனியன்காரன்:

டீச்சர், உங்களுக்கு வந்திருப்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வியாதிதான். மலிவு டி-ஷர்ட்டைத் துவைத்தால் இடுப்போரத் தையல் முன்பக்கம் திரும்பி வந்து நிற்குமே, பார்த்திருப்பீர்கள். ஸ்பைராலிட்டி என்போம். 22 வருஷமாக இதோடுதான் மல்லுக்கட்டுகிறேன்.

காரணம் முறுக்கு. ஒற்றை இழையில் முறுக்கு ஒரே திசையில் ஏறியிருக்கிறது. அது எப்போதும் அவிழத்தான் பார்க்கும். கண்ணியாக மடிந்து உட்கார்ந்த பிறகும் ஒவ்வொரு கண்ணியும் கொஞ்சம் திரும்பும், எல்லாம் ஒரே பக்கம். நீங்கள் போட்டது 30 கண்ணி, 40 வரிசை, ஆக 1200 கண்ணி. ஒவ்வொன்றும் நூல் பிரமாணம் சாய்ந்தால் போதும், உங்கள் இணைகரம் ரெடி.

நூலில் ஒரு முழம் எடுத்து, இரண்டு முனையையும் பிடித்துக் கிட்டே கொண்டுவாருங்கள். நடுவில் தானாகச் சடை பின்னிக்கொள்கிறதா? அப்படியானால் முறுக்கு அடங்கவில்லை. கடை நூல் இரண்டு மூன்று இழைகளை எதிர்த்திசையில் முறுக்கியது, அதனால் அமைதியாகத் தொங்கும். நீங்களும் நூலை இரண்டு கண்டாகப் பிரித்து, இரண்டு முனையையும் சேர்த்துத் தக்கிளியில் கட்டி, நூற்றதற்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றுங்கள். ஒன்று கவனம்: அப்படிச் சுற்றும்போது பழைய முறுக்கு கொஞ்சம் அவிழும். அதனால் இனிமேல் நூற்கும்போது போதும் என்று தோன்றிய பிறகும் நாலு சுற்று கூடுதலாக விடுங்கள். கருங்கண்ணி குட்டை இழை, முறுக்கு குறைந்தால் பிய்ந்துவிடும்.

ஒற்றை இழையிலேயே பின்ன ஆசையென்றால் எல்லா வரிசையும் நிட் போடுங்கள், அல்லது நிட்டும் பர்லும் மாறி மாறி வருகிற ரிப். முன்னும் பின்னும் கண்ணி சமமாக இருந்தால் சாய்வு ஒன்றுக்கொன்று கழிந்துவிடும்.

ராஜபாளையம் ரிங் ஃபிரேம்:

கணக்கு டீச்சர் என்பதால் முதலில் கணக்கு. ஒரு பவுண்டு நூலில் 840 கெஜச் சிட்டம் (நூல்சுருள்) எத்தனை இருக்கிறதோ அதுதான் கவுண்ட், எண் கூடினால் நூல் மெல்லிசு. உங்கள் 260 மீட்டர், 28 கிராமுக்குப் போட்டுப் பார்த்தேன், ஐந்தரை வருகிறது. திருப்பூர் பனியனுக்குச் சாதாரணமாக 30-ஆம் நம்பர் நூல் போகும். ஒரு வாரப் பழக்கத்துக்கு ஐந்தரை மோசமில்லை.

நூல் அறுவதற்கு உங்கள் கை காரணமில்லை, காற்று. மில்லில் 31 வருஷம் இருந்தேன். ஈரப்பதம் இறங்கினால் போதும், நூற்கிற இயந்திரமான ஃபிரேம் முழுக்க இழை அறுந்து, அதை இணைக்கிற பெண்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அதற்காகத்தான் கூரையிலிருந்து தண்ணீரைப் புகையாக அடிப்போம். பருத்தி நனைந்தால் பலம் கூடும், கம்பளி நேர்மாறு. அக்னி நட்சத்திர வெயிலில் பதினோரு மணிக்குச் சாத்தூரில் காற்றில் என்ன ஈரம் இருக்கும்? பக்கத்தில் ஈரத்துண்டு ஒன்றைக் காயப்போடுங்கள். விரலையும் லேசாக நனைத்துக்கொள்ளுங்கள். நாலரை மணி நல்ல ஷிப்ட்தான், விடாதீர்கள்.

இரட்டை முறுக்கு போட்டதும் சிட்டமாகக் கட்டி, ஒரு கரண்டி சலவைச் சோடா போட்ட தண்ணீரில் முக்கால் மணி நேரம் கொதிக்கவிடுங்கள். முறுக்கு படிந்துவிடும். தண்ணீர் பழுப்பாக மாறும், பயப்படாதீர்கள், பருத்தியில் இருக்கிற மெழுகும் பிசினும்தான். நாலு இடத்தில் தளர்வாகக் கட்டாமல் போட்டால் சிக்கெடுக்கவே லீவு முடிந்துவிடும்.

நாவலெல்லாம் நமக்கு ஆகாது. தினத்தாளோடு சரி.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

அம்மா, நாலரை மணி, ஒற்றை விளக்கு என்றதும் புறநானூற்றின் 326-ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. இரவில் காட்டுப்பூனைக்குப் பயந்து ஒரு இளம் பெட்டைக்கோழி கத்துகிறது. அந்நேரம் பருத்தியில் உள்ள தூசியும் செத்தையும் புடைக்க எழுந்த பெண்ணொருத்தி சிறு விளக்கு ஏற்றுகிறாள். அந்த வெளிச்சத்தில் சேவல் கண்ணில் பட்டதும் கோழி அடங்குகிறது. பருத்திப் பெண்டு என்பது அவளுக்குப் பெயர். நீங்கள் செய்வது அவள் வேலைதான்.

பஞ்சுக்குப் பனுவல் என்று பெயர் உண்டு, புத்தகத்துக்கும் அதே பெயர். நன்னூலார் அதைவைத்து ஒரு உருவகமே செய்திருக்கிறார்: சொல் பஞ்சு, புலவன் நூற்கிற பெண், அவன் வாய் அவள் கை, அறிவு கதிர், அதாவது நூற்கும் தண்டு. தக்கிளி பிடித்தபிறகு அந்தப் பாட்டைப் படித்தால் வேறு மாதிரி இருக்கும். நான் முப்பது வருஷம் கதிரையே பார்க்காமல் அதை நடத்தியிருக்கிறேன், வெட்கம்தான்.

படிக்க யோசனை: என் மனைவி அரைப்படியை மேசைமேல் வைத்து, அதில் புத்தகத்தைச் சாய்த்து, பக்கத்துக்கு இரண்டு துணிக்கிளிப் போடுவாள். எண்ண வேண்டிய வரிசையில் படிக்க மாட்டாள். எல்லா வரிசையும் நிட் என்றால் பக்கம் பக்கமாக ஓடும். ரஷ்யப் பெயர்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அட்டையில் செருகிக்கொள்ளுங்கள், வேறு வழியில்லை.

சாத்தூர் கணக்கு டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. ஐந்து நாள் கழித்து வருகிறேன்.

திருப்பூர்க்காரர் சொன்ன சடைச் சோதனை செய்தேன். சடையா அது, ஜடைபில்லையே வைக்கலாம். இரட்டை முறுக்கு போட இரண்டு காலை பிடித்தது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, "இழுக்காதே, அதுவா வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பழைய நூலில் முறுக்கு போதாத இடங்களில் மூன்று தடவை பிரிந்தது. இரண்டு இழை ஒன்றானதில் நீளம் பாதியானது, சதுரத்துக்குப் போனது, அறுந்து வீணானது எல்லாம் போக 109 மீட்டர் கையில் மிச்சம்.

கொதிக்கவைத்த தண்ணீரைப் பார்த்து எங்கள் வீட்டுக்காரர் டம்ளரோடு வந்துவிட்டார். அவ்வளவு டீ நிறம்.

காய்ந்த நூலில் அதே 30 கண்ணி, 40 வரிசை போட்டேன். மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன், நேராக நிற்கிறது. குல்லா ஆரம்பித்தாயிற்று. பருத்தி நூல் தளர்ந்துவிடும் என்பதால் காதோர ரிப்பை மட்டும் இன்னும் மெல்லிய 12-ஆம் நம்பர் ஊசியில் இறுக்கமாகப் போட்டேன்.

அரைப்படி யோசனை அருமை. ஆனால் குல்லா வட்டத்தில் எண்ண வேண்டியிருப்பதால் நாவல் 490-ஆம் பக்கத்தில் நிற்கிறது. புத்தகத்தைத் திங்கள்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். புதுப்பிக்கப் போகும்போது பக்கங்களுக்கு நடுவில் இருக்கிற பஞ்சை எல்லாம் ஊதிவிட்டுப் போக வேண்டும்.

தமிழய்யாவுக்கு: இன்று காலை நாலரைக்கு விளக்கைப் போட்டேன். எங்கள் தெருவில் கோழி இல்லை. பூனை மட்டும் வந்து, நூல்கண்டைப் பார்த்தபடி உட்கார்ந்தது. கண்டைத் தூக்கி அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டு நூற்றேன்.